கன்னத்தில் ஒதுக்கிய கருப்பட்டி

முனியராஜ் வாயைத் திறந்தால் ஊர் கையெடுத்துக் கும்பிடும். நான் முகத்தைத் திருப்பிக்கொள்வேன். ஊருக்கு அவர் கருப்பசாமியின் சாமியாடி, எனக்குப் புருஷன். பக்கத்தில் படுக்கிறவளுக்குத்தானே நாற்றம் தெரியும்.

சாமியைப் பற்றி நான் ஒரு வார்த்தை குறைத்துச் சொல்லமாட்டேன். கருப்பன் துடியான சாமி, அவனிடம் எனக்கு எந்த வழக்கும் இல்லை. ஆனால் அவன் இறங்குகிற ஆளைப் பற்றிச் சொல்ல எனக்கு உரிமை இருக்கிறது. அந்த ஆளுக்கு மூன்று வேளையும் சோறு போடுகிறவள் நான்தான்.

எங்கள் ஊர் ஆனைக்குட்டம் போகிற வழியில் இருக்கிறது. பங்குனிப் பொங்கல் அன்று உச்சிப் பூசையில் சாமியாடிக்கு அருள் வந்ததும் பூசாரி ஒரு எலுமிச்சம்பழத்தை அவர் வாயருகே நீட்டுவார். கையால் தொடாமல் முன்பல்லால் கடித்து அதை இரண்டாகப் பிளக்க வேண்டும். ஒரு பாதி சாமிக்கு, மறுபாதி வரம் கேட்டு நிற்கிறவர்களுக்கு. பழத்தைக் கடிக்கப் பல் இல்லாதவர் இடுப்பில் கச்சை இருக்கக் கூடாது, அதுதான் எங்கள் கோயில் வழக்கம். என் மாமனாருக்கு முன்பல் விழுந்த வருஷம் கச்சையும் சலங்கையும் என் வீட்டுக்காரருக்கு வந்தன. இவருக்கு விழுந்தால் அடுத்து இவருடைய சித்தப்பா மகன் மணிமுத்துவுக்குப் போகும். மணிமுத்து சிவகாசியில் ஒரு அச்சாபீஸில் வேலை பார்க்கிறவன். வெள்ளை வெளேரென்று பல். அந்தப் பல்லைப் பார்த்தாலே இவருக்கு வயிறு எரியும்.

இவரிடம் இருந்த ஒரே சொத்து அந்தக் கச்சைதான். கம்பெனியில் இவர் பத்தோடு பதினொன்றாக ஒரு கூலியாள். வீட்டில் இவர் பேச்சை நாய்கூடக் கேட்காது. வருஷத்தில் ஒரு மத்தியானம் மட்டும் ஊர்ப் பெரிய மனிதர்கள் எல்லாம் இவர் காலில் விழுவார்கள். அந்த ஒரு மத்தியானத்தை வைத்துக்கொண்டு மீதி வருஷம் பூராவும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிவார்.

நாங்கள் இருவரும் நாரணாபுரம் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் வேலை பார்க்கிறோம். எனக்குச் சரவெடி பின்னுகிற வேலை, அவருக்கு மருந்து அடைக்கிற வேலை. சாயங்காலம் மருந்து அறையிலிருந்து வெளியே வருகிற ஆம்பளைகளுக்குப் புருவம்வரை வெள்ளி நிற மருந்துப்பொடி அப்பியிருக்கும். அந்தத் தூசி நெஞ்சில் தங்காமல் இருக்க எங்கள் பக்கம் ஒரு வைத்தியம் வைத்திருக்கிறார்கள். கருப்பட்டி. வேலை முடிந்ததும் ஒரு துண்டைத் தின்று தண்ணீர் குடித்தால் உள்ளே போன தூசியை எல்லாம் அடித்துக்கொண்டு போய்விடுமாம். ஃபோர்மேனே தட்டில் வைத்துக் கொடுப்பார். மற்றவர்கள் தின்பார்கள், தண்ணீர் குடிப்பார்கள், வீட்டைப் பார்க்கப் போவார்கள்.

இவருக்கு அது போதவில்லை. தூசி என்ன வேலை முடிந்த பிறகா வருகிறது, வேலை நேரத்தில்தானே வருகிறது என்று யாருக்கும் தோன்றாத ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டார். காலையில் கம்பெனி வாசலில் நுழையும்போதே ஒரு கட்டியை இடது கன்னத்தில் ஒதுக்குவார். அது கரைந்தால் அடுத்த கட்டி. சாயங்காலம் வண்டியில் ஏறும்வரை கன்னம் புடைத்தே இருக்கும். கம்பெனியில் கொடுத்த மாஸ்க் என்ன ஆனது என்று கேட்பீர்கள். அதன் கயிற்றை அறுத்துச் சோற்றுத் தூக்கின் மூடியைக் கட்டியிருந்தார்.

“மாஸ்க்கு வெளிய நின்னு மறைக்கும் புள்ள. கருப்பட்டி உள்ள நின்னு தடுக்கும்ல” என்பார், ஏதோ டாக்டருக்குப் படித்தவர் மாதிரி.

பல் தேய்க்கிற அழகைச் சொல்லவே வேண்டாம். ஆள்காட்டி விரலில் பேஸ்ட்டை எடுத்து முன்பல்லில் இங்கிட்டு ஒரு இழுப்பு, அங்கிட்டு ஒரு இழுப்பு. முடிந்தது. கடைவாய்ப் பக்கம் அந்த விரல் போனதாகச் சரித்திரமே இல்லை. பார்க்கப் பொறுக்காமல் நல்ல பிரஷ் ஒன்று வாங்கிக் கொடுத்தேன். மறுநாள் குழாயடிக்குப் போனால் அதை வைத்துக் கோயில் சலங்கைக்குப் புளி போட்டுத் தேய்த்துக்கொண்டிருக்கிறார். சலங்கை பளபளவென்று ஆகிவிட்டது. வாய் அப்படியே இருந்தது.

முதலில் இடது பக்கத்து ஈறு வீங்கியது. பிறகு வீக்கம் முன்பக்கமும் வந்தது. ஈறு பல்லைவிட்டு விலகி, கன்றிச் சிவந்து, சோற்றுப் பருக்கை பட்டாலே ரத்தம் கசிந்தது. கிராம்பை வைத்துக் கடித்தார். ஃபோனில் எவனோ சொன்னான் என்று நல்லெண்ணெயை வாயில் ஊற்றி நெடுநேரம் கொப்பளித்தார். கொப்பளித்துத் துப்பிவிட்டு, வாய் ஒருமாதிரி இருக்கிறது என்று ஒரு கட்டிக் கருப்பட்டியை எடுத்து ஒதுக்கினார். எனக்கு முதலில் சிரிப்புதான் வந்தது. அப்புறம் தலையில் அடித்துக்கொண்டேன்.

அந்த நிலைமையில்தான் பங்குனிப் பொங்கல் வந்தது. உச்சி வெயிலில் கொட்டு முழங்க, பூசாரி முனியசாமி பழத்தை நீட்டினார். இவர் கடித்தார். எலுமிச்சைப் புளிப்பு புண்ணான ஈறில் ஏறியதும் கண் இரண்டும் பிதுங்கின. “ஏஏய்” என்று ஒரு கத்து கத்தினார் பாருங்கள், அப்படி ஒரு சத்தத்தை எங்கள் ஊர் அதுவரை கேட்டதில்லை. பழம் பிளந்த வேகத்தில் வாயோரத்திலிருந்து ரத்தம் மோவாயில் வழிந்து, மார்புச் சந்தனத்தில் சொட்டியது.

கொட்டு ஒரு நொடி நின்றது. பிறகு பொம்பளைகள் போட்ட குலவையில் காது அடைத்துவிட்டது.

“ஏ கருப்பா! ரத்தம் காட்டிட்டான்யா! இம்புட்டுக் காலத்துல இப்பத்தான்யா ரத்தம் காட்டிருக்கான்!” என்று பூசாரி நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார்.

நானும் அந்தக் கூட்டத்தில்தான் நின்றிருந்தேன். அன்று காலையில் இதே ரத்தத்தை அவர் எங்கள் குழாயடியில் துப்பியிருந்தார். நான்தான் தண்ணீர் விட்டுக் கழுவினேன். அப்போது யாரும் குலவை போடவில்லை.

அதோடு ஆள் மாறிவிட்டார். சாத்தூர்ப் பக்கமிருந்தெல்லாம் வண்டி பிடித்து வந்து திருநீறு வாங்கிப் போனார்கள். டீக்கடையில் இவர் தலை தெரிந்ததும் பெஞ்சு காலியானது. மணிமுத்துகூட “வாங்கண்ணே” என்று எழுந்து நின்றான். அதுதான் இவருக்குத் தேன் குடித்த மாதிரி இருந்தது. யாராவது கும்பிட்டால், சிவந்த ஈறு தெரியும்படி உதட்டைத் தூக்கி ஒரு சிரிப்பு சிரிப்பார். கருமம், பார்க்கச் சகிக்காது.

அந்தச் சமயத்தில் எனக்கும் ஈறு வீங்கியது. சரம் பின்னும்போது நூல் நுனியைப் பல்லில் கடித்து இழுக்கிற பழக்கம் எங்கள் செக்ஷனில் எல்லோருக்கும் உண்டு, அதன் வினை. எனக்கு ரத்தம் வந்தால் யாரும் காலில் விழப்போவதில்லை என்பதால் நான் டாக்டரிடம் போனேன். சிவகாசியில் யோகேஸ்வரி என்று ஒரு பல் டாக்டர். பல்லில் படிந்திருந்த காரையை எடுத்துச் சுத்தம் செய்தார். மெதுவான நார் உள்ள பிரஷை, ஈறும் பல்லும் சேருகிற இடத்தில் சாய்த்து வைத்து, அழுத்தாமல் சின்னச் சின்ன வட்டமாகத் தேய்க்கச் சொன்னார், காலையிலும் படுக்கப் போகும் முன்னும். வெதுவெதுப்பான உப்புத்தண்ணீரில் கொப்பளிக்கச் சொன்னார். நூலைக் கடிக்காதீர்கள் என்றார். சொன்னதைச் செய்தேன். கொஞ்ச நாளில் வீக்கம் வடிந்து ரத்தமும் நின்றது. இதில் அதிசயம் ஒன்றும் இல்லை.

இவருடைய முன்பல் இரண்டும் நாக்கால் தள்ளினாலே ஆடுவதை ஒருநாள் பார்த்துவிட்டேன். பல்லைப் பற்றி எனக்கென்ன கவலை. கச்சை போய்விட்டால் இந்த மனிதரிடம் என்ன மிச்சமிருக்கும், அந்த மிச்சத்தோடு நான் எப்படிக் காலம் தள்ளுவேன் என்றுதான் பயந்தேன். கையைப் பிடித்து இழுக்காத குறையாக டாக்டரிடம் கூட்டிப்போனேன்.

டாக்டர் சின்னக் கண்ணாடியை உள்ளே விட்டுப் பார்த்தார். “இடது கன்னத்துல எதையோ அடக்கி வைப்பீங்க போலருக்கே. புகையிலையா?”

“மருந்து” என்றார் இவர், தலையை நிமிர்த்தி.

“கருப்பட்டி” என்றேன் நான். தூசிக் கதையையும் சொன்னேன்.

“நாள் பூரா இனிப்பு அங்கேயே கிடந்தா ஈறு எப்படிங்க தாங்கும்? அழுக்கும் சேர்ந்து உள்ளே எலும்புவரைக்கும் அரிச்சுக்கிட்டிருக்கு. தூசிக்கு மாஸ்க் போடுங்க. கருப்பட்டியை இன்னியோட விட்டுருங்க. சில தடவை வந்தீங்கன்னா ஆழமாச் சுத்தம் பண்ணிடுறேன். இந்த முன்பல்லைக் காப்பாத்திரலாம்.”

இவர் நாற்காலியில் சாய்ந்தபடியே கேட்டார். “பல்லு நிக்குமா?”

“நிக்கும்.”

“ரத்தம்?”

அந்த அம்மா ஆறுதலாகச் சிரித்தார். “அதைப் பத்திக் கவலையே வேண்டாம். ஒரு சொட்டு வராது.”

இவர் எழுந்து வேட்டியை உதறிக் கட்டினார். “அப்ப வேணாம்.”

டாக்டர் என்னைப் பார்த்தார். நான் சுவரில் மாட்டியிருந்த பல் படத்தைப் பார்த்தேன். அந்த அம்மாவிடம் நான் என்னத்தைச் சொல்ல? என் புருஷனுக்கு வியாதி குணமானால் நஷ்டம் என்றா சொல்ல முடியும்?

பஸ்ஸில் ஏறியதுமே ஆரம்பித்தேன். “ஏங்க, பல்லு விழுந்தா கச்சை போயிரும். அது ஒங்களுக்குத் தெரியுமா தெரியாதா?”

“காரையைச் சுரண்டினாத்தான் பல்லு விழும். அதுதான் புள்ள பல்லைப் பிடிச்சு நிப்பாட்டியிருக்கு. இந்த டாக்டருகளுக்கு என்ன தெரியும்?”

“சரி, அது இருக்கட்டும். இந்த ரத்தம் சாமி குடுத்ததுன்னு நீகளே நம்புறீகளா?”

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். பைபாஸ் ரோட்டில் லோடு லாரிகள் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன. லாரிகளைப் பார்த்தபடியே “ஊரு நம்புதுல்ல” என்றார்.

அந்த இடத்தில்தான் நான் அவரை முழுதாக வெறுத்தேன். தெரியாமல் செய்கிறார் என்றால் பொறுத்துப் போகலாம். இவர் தெரிந்தே தன் வாயை அழுக விட்டுக்கொண்டிருந்தார். அதையும் சாமி பெயரில் செய்தார்.

அந்த வருஷம் முழுக்க அவருக்குக் கஞ்சியும் குழைந்த சோறும்தான். தீபாவளிக்குக் கறி எடுத்தபோது ஒரு துண்டை வாயில் போட்டுச் சப்பிச் சப்பிப் பார்த்துவிட்டு யாருக்கும் தெரியாமல் கையில் எடுத்து நாய்க்குப் போட்டார். நான் பார்த்தேன். பங்குனி நெருங்க நெருங்கக் கருப்பட்டிக் கட்டி பெரிதாகிக்கொண்டே போனது. வேலை இல்லாத ஞாயிற்றுக்கிழமையிலும் கன்னம் புடைத்திருந்தது. ஞாயிற்றுக்கிழமை எந்தத் தூசியைத் தடுக்கிறாராம்? பொங்கலுக்கு நாள் குறித்துச் சாட்டியதும் விரதம் என்று சொல்லிப் பல் தேய்ப்பதையும் நிறுத்திவிட்டார். விரதத்தில் பேஸ்ட் ஆகாதாம். கருப்பட்டி ஆகுமாம்.

ஈறில் சீழ் வைத்தது. ஒரு மத்தியானம், துண்டை வாயில் திணித்துக்கொண்டு சுவரோரம் சுருண்டு கிடந்தார். என்ன இருந்தாலும் மனசு கேட்கவில்லை. உப்புத்தண்ணீரை இளஞ்சூடாகக் கொண்டுபோய்ப் பக்கத்தில் வைத்தேன்.

“ஒரு வாய் கொப்பளிங்க. வலியாச்சும் கொறையும்.”

“எல்லாம் கொறைஞ்சிரும்னுதான் வேணாங்கேன்” என்றார். தம்ளர் சாயங்காலம்வரை அப்படியே இருந்தது. முற்றத்தில் கொட்டினேன்.

பொங்கல் அன்று கூட்டம் போன வருஷத்தைவிட அதிகம். ஃபோனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு இளவட்டங்கள் கோயில் சுவரில் ஏறி நின்றார்கள். வரம் கேட்டு முதல் ஆளாக நின்றவள் சாத்தூர்க்காரி பொன்மணி. கல்யாணமாகிப் பல வருஷமாகப் பிள்ளை இல்லை. பட்டுச்சேலை முந்தானையை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு நின்றாள்.

பூசாரி பழத்தை நீட்டினார். பெரிய பழம், தோல் தடித்தது. இவர் கவ்வினார். பிளக்கவில்லை. இன்னொரு தடவை கவ்வி, தலையை ஒரு உலுக்கு உலுக்கி இழுத்தார். ரத்தம் வந்தது. ஊர் எதிர்பார்த்ததைவிடத் தாராளமாகவே வந்தது. குலவை எழுந்தது. பூசாரியின் கையிலிருந்து தெறித்த பழம் முழுசாகப் பொன்மணியின் முந்தானையில் போய் விழுந்தது. முழுப்பழமும் கிடைத்துவிட்டதே என்று அவளுக்கு மேலெல்லாம் புல்லரித்திருக்க வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு எடுத்துக் கண்ணில் ஒற்றினாள். என்னவோ குத்தியது. கண்ணைத் திறந்து பார்த்தாள்.

பழத்தில் இரண்டு முன்பற்கள் நட்டுக்கொண்டு நின்றன.

அவள் போட்ட அலறலில் கொட்டு நின்றது, குலவை நின்றது. பழம் உருண்டு பூசாரி காலடியில் போய் நின்றது. அவர் குனிந்து எடுத்துப் பார்த்தார். நிமிர்ந்து என் வீட்டுக்காரரைப் பார்த்தார். இவர் ஆட்டத்தை நிறுத்திவிட்டு, வாயைக் கையால் பொத்திக்கொண்டு நின்றார்.

“ஏலே முனியராசு, கையை எடு.”

எடுக்கவில்லை. பூசாரியே மணிக்கட்டைப் பிடித்துக் கையை இறக்கினார்.

“சாமி போகலை மாமா” என்றார் இவர். காற்றுப் போகிற வாயில் வார்த்தை சரியாக வரவில்லை. “பல்லுதான் போச்சு. சாமி இங்கனதான் இருக்கு மாமா, இங்கனதான்” என்று மார்பில் அடித்துக் காட்டினார்.

“வளக்கம் வளக்கம்தாம்ல” என்றார் பூசாரி. கச்சையை அவரே அவிழ்த்தார். சலங்கையைக் கழற்றக் குனிந்தபோது இவர் சின்னப் பிள்ளை மாதிரி காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். சுவரில் நின்ற இளவட்டங்கள் சிரித்தார்கள். போன வருஷம் இவர் காலில் விழுந்தவர்களும் சிரித்தார்கள். எனக்கு வந்த ஆத்திரத்தில், கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு போய் அவர் காலைப் பிடித்து நானே சலங்கையைக் கழற்றினேன். நான் வாங்கிக் கொடுத்த பிரஷால் தேய்த்த சலங்கை, இன்னும் பளபளவென்றுதான் இருந்தது. அவர் அழுதார். நானும் அழுதேன். அந்த ஆள்மேல் இவ்வளவு வெறுப்பை வைத்துக்கொண்டு எப்படி அழுகை வந்ததென்று எனக்கே தெரியவில்லை.

அதற்குப் பிறகு, கூப்பிட்டதும் மறுபேச்சில்லாமல் டாக்டரிடம் வந்தார். ஆடிக்கொண்டிருந்த இன்னும் சில பற்களை எடுத்துவிட்டு, மிச்சத்தைச் சுத்தம் செய்தார் அந்த அம்மா. “அப்பவே வந்திருந்தா” என்று ஆரம்பித்தவர், என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். இப்போது காலையிலும் இரவிலும் பிரஷ், உப்புத்தண்ணீர், கம்பெனியில் மாஸ்க். கருப்பட்டித் தட்டு வந்தால் எழுந்து போய்விடுகிறாராம். வீக்கம் வடிந்து, சீழ் வற்றி, ஈறு இளஞ்சிவப்பாக ஆகிவிட்டது. முன்னால் பல் இல்லாத ஈறு. டீக்கடையில் இவருக்காக யாரும் எழுந்திருப்பதில்லை, இவரும் அந்தப் பக்கம் போவதில்லை.

புதுச் சாமியாடிக்கு என்று ஆடி மாதம் தனியாக வைத்த பூசையில் மணிமுத்து முதல் தடவையாகக் கச்சை கட்டி ஆடினான். பழத்தை நீட்டினார்கள். கடித்தான். ஒரே கடி, இரண்டாகப் பிளந்தது. சாறு மோவாயில் வழிந்தது. ஊர் அந்த மோவாயையே பார்த்துக்கொண்டு காத்திருந்தது. சாறுதான் வழிந்தது. குலவை போட வாய்க்கு முன்னால் கையைக் கொண்டுபோன பொம்பளைகள் கையை இறக்கிக்கொண்டார்கள்.

“என்னத்தா, ரத்தத்தைக் காணோம்?” என்றாள் எனக்கு முன்னால் நின்ற ஒருத்தி.

“சாமி எறங்கலை போலருக்கு” என்றாள் இன்னொருத்தி. பூசை முடியும் முன்பே கூட்டம் கரைய ஆரம்பித்தது. மணிமுத்து அந்த வெள்ளைப் பல்லோடு நடுவில் நின்று முழித்தான்.

மறுநாள் காலை நான் உலை வைத்துக்கொண்டிருந்தேன். “மதினி” என்று அடுப்படி வாசலில் வந்து நின்றான். குளித்து, தலை சீவி, பேஸ்ட் வாசனை அடிக்க நின்றான். என் முகத்தைப் பார்க்காமல் நிலையைச் சுரண்டிக்கொண்டிருந்தான்.

“என்ன மணிமுத்து?”

“இல்ல மதினி… அண்ணன் எந்தக் கடையில கருப்பட்டி வாங்குவாக?”

அகப்பையைக் கீழே வைத்துவிட்டு, அவனை நாலு கேட்க வாயெடுத்தேன். அதற்குள் குழாயடியில் பல் தேய்த்துக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர் நுரையைத் துப்பினார். டாக்டர் சொல்லிக் கொடுத்தபடி நிதானமாக வாயைக் கொப்பளித்தார். பிரஷைக் கழுவி உதறினார். பிறகு எத்தனையோ மாதத்துக்கு அப்புறம் அவர் நெஞ்சு நிமிர்ந்ததைப் பார்த்தேன்.

“கடை எதுவா இருந்தா என்னலே” என்றார். “இடது கன்னத்துல ஒதுக்கு. ராத்திரியும் துப்பிராத.”